மின்னஞ்சல் முகவரி யாருக்குச் சொந்தம்? கூகுள் முதல் கூடுவாஞ்சேரி வரை ஒரு சிறு வரலாறு

செல்பேசி எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியா முழுவதும் வந்தது 2011 ஜனவரியில்தான். அதற்கு முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் சேவை பிடிக்கவில்லை என்றால் எண்ணையே விட்டுவிட வேண்டும். தெரிந்தவர்களுக்கெல்லாம் புது எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மின்னஞ்சலில் இந்த வசதி 1986லேயே வந்துவிட்டது. பலருக்கு இது தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயர், அதாவது டொமைன், சொந்தப் பெயராக இருக்க வேண்டும்.

மாறுவது எப்படி நடக்கிறது?

இணையத்தின் டொமைன் பெயர் முறையை 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். 1986ல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் அதில் மின்னஞ்சலுக்கான விதியை எழுதினார். அதன் பெயர் எம்எக்ஸ் பதிவு. "இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன சர்வரில் கொண்டுபோய்க் கொடு" என்று சொல்லும் ஒற்றை வரி அது. அந்த வரியை மாற்றினால் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில், புதுக் கடிதங்கள் புது இடத்துக்கு வர ஆரம்பிக்கும். கடிதம் அனுப்புகிறவருக்கு எதுவும் தெரியாது.

பழைய கடிதங்களை எடுத்து வரவும் வழி உண்டு. மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஐமேப் முறை மூலம் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகல் எடுக்கலாம்.

இலவச காலம்

2006 ஆகஸ்டில் கூகுள், சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஜிமெயில் வசதியை இலவசமாகத் தந்தது. சிறு கம்பெனிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். விசிட்டிங் கார்டில் யாகூ முகவரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கம்பெனி பெயரிலேயே முகவரி போட முடிந்தது.

2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. 2022 ஜனவரியில், பழையவர்களும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டு மே மாதம், குடும்பம் போன்ற சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் தொடரலாம் என்றார்கள். வியாபாரம் செய்பவர்கள் ஒன்று பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும்.

வணிகவியலில் 'நற்பெயர்' என்பதும் ஒரு சொத்து. வாடிக்கையாளர், வங்கி, வரித்துறை என எல்லோரிடமும் கொடுத்து வைத்திருக்கும் முகவரியும் அந்தச் சொத்தில் சேர்ந்ததுதான். சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது.

தாம்பரத்துப் பக்கம்

அப்படி வெளியேறியவர்களுக்கு இருந்த இடங்களில் ஒன்று, தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிக்கு அருகே, வல்லாஞ்சேரியில் இருக்கும் ஸோஹோ. தாம்பரத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்த ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியவர்களோடும் தன் உடன்பிறந்தவர்களோடும் சேர்ந்து 1996ல் தொடங்கிய அட்வென்ட்நெட்தான் 2009ல் ஸோஹோ என்று பெயர் மாறியது. அதன் மின்னஞ்சல் சேவை 2008ல் வந்தது.

ஆனால் டொமைன் எவ்வளவு முக்கியம் என்ற பாடத்தை அந்தக் கம்பெனியே ஒரு நாள் படிக்க வேண்டி வந்தது. 2018 செப்டம்பர் 24 அன்று, ஸோஹோவின் டொமைனைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், ஃபிஷிங் மோசடி பற்றி வந்த புகார்களைக் காரணம் காட்டி அதை முடக்கிவிட்டது. சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பெயர் மட்டும் இல்லை. அதனால் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் முடக்கம் நீங்கியது. பிறகு டொமைன் கிளவுட்ஃபிளேருக்கு மாற்றப்பட்டது.

2025ல் நடந்தவை

2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்தியது. குஜராத்தில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் கம்பெனி அது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்னொரு பக்கம் மின்னஞ்சலுக்கு ரெடிஃப்பை நாடியது. ஜூலை முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் சேவை திரும்ப வந்துவிட்டது. ஆனால் பணம் கட்டியிருந்தாலும் கதவு மூடப்படலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு செய்திகள் வந்தன. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தான் ஸோஹோ மெயிலுக்கு மாறிவிட்டதாக அறிவித்து, புது முகவரியை வெளியிட்டார். மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டதாகவும் செய்தி வந்தது. 2023ல் கொடுக்கப்பட்ட ஏழு வருட ஒப்பந்தத்தின்படி நடந்த வேலை அது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமைச்சர் தன் புது முகவரியை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. 12 லட்சம் பேரில் யாரும் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களின் முகவரியில் இருந்த டொமைன் அரசின் பெயர். அது தேசிய தகவலியல் மையத்தின் கையிலேயே இருந்தது. உள்ளே இருந்த சர்வர்தான் மாறியது.

உள்ளூர் கம்பெனி என்பதால் மட்டும் இது பாதுகாப்பு ஆகிவிடாது. கூகுளிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஸோஹோவிடமும் கேட்கத்தான் வேண்டும். நாளை விலையோ விதியோ மாறினால், முகவரியை மாற்றாமல் வெளியேற முடியுமா? ஏழு வருடம் முடியும்போது அரசும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ளும். டொமைன் தன் கையில் இருக்கும் வரை பதில் 'முடியும்'.

குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் கடை வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். எந்தக் கம்பெனியின் மின்னஞ்சல் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் அது இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.