வன்னி வானமும் சாயாத ஊசியும்

விஞ்ஞானக் கருவிகளுக்குத் தாய்நாடு இல்லை என்பர். இக்கூற்றிற் பாதியே உண்மை. கருவிக்குத் தாய்நாடு இல்லாதிருக்கலாம். அதனைக் கையாளக் கற்பிக்கும் பாடநூலுக்கு ஒரு தாய்நாடு உண்டு. சிறு விமானத்தில் ஓட்டியின் கண்முன்னே அமர்ந்திருக்கும் காந்தத் திசைகாட்டி இதற்குத் தக்க சான்று. அச்சான்றைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பெருநிலத்தின் வானமே போதும்.

திசைகாட்டியின் சரித்திரம் கீழைத்தேசத்திலே தொடங்குகிறது. காந்தமேற்றிய ஊசியையும், அது நேர்திசையினின்று சற்றே விலகுவதையும் சென் குவோ என்ற சீன அறிஞர் 1088 அளவில் எழுதிவைத்தார். ஐரோப்பிய நூல்களில் இவ்வூசி பற்றிய செய்தி நூறாண்டு கழித்தே காணப்படுகிறது. அங்கு அடுத்த பெரும் உண்மையைக் கண்டவரும் பல்கலைக்கழகப் பண்டிதர் அல்லர். கடலோடியாயிருந்து கருவி செய்யும் தொழிலாளியான ராபர்ட் நார்மன், தாம் சமநிலையில் அமைத்த ஊசி காந்தமேற்றியவுடன் வடமுனை தாழ்ந்து சாய்வதைக் கண்டு, 1581 இல் அதனை நூலாக வெளியிட்டார். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600 இல் கில்பர்ட் நிறுவியபோது, இக்கைவினைஞனின் அவதானம் அவருக்குத் துணைநின்றது.

விமானத்திலுள்ள திசைகாட்டி மிக எளியது. திரவம் நிரம்பிய சிறு கிண்ணம். அதனுள்ளே காந்தங்கள் பிணைத்த, பாகைகள் குறித்த வட்டு. முன்கண்ணாடியில் ஒரு குறிகோடு. மின்சாரம் அற்றுப்போனாலும் இது இயங்கும். ஆதலால் நுண்கருவிகள் மலிந்த இக்காலத்திலும் இது நீக்கப்படவில்லை. ஆனால் இதற்குச் சில வழுக்கள் உண்டு. விமானத்தின் இரும்பும் மின்கம்பிகளும் ஊசியை இழுக்கும். விமானத்தைப் பல திசைகளில் நிறுத்திப் பார்த்து, அவ்விலகலை ஓர் அட்டையிற் குறித்து அருகே பொருத்திவைப்பர்.

மற்றைய வழு நார்மன் கண்ட சாய்விலிருந்து பிறப்பது. இலண்டனில் புவிக்காந்த விசை கிடையிலிருந்து ஏறத்தாழ 66 பாகை சரிந்து, நிலத்தை நோக்கி இழுக்கிறது. விமானம் திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் வட்டு சரிய, அக்கீழ்நோக்கிய இழுப்பு அதனைப் பிறழச் செய்யும். கிழக்கு நோக்கிப் பறப்பவன் வேகத்தைக் கூட்டினால், திரும்பாத விமானம் வடக்கே திரும்பியதாகக் கருவி பொய் சொல்லும். திரும்பல் வழு, ஆர்முடுகல் வழு என்னும் இவற்றை வெல்லும் விதிகளை உலகெங்கும் விமானம் பயில்வோர் மனனஞ் செய்கின்றனர்.

இனி வன்னிக்கு வருவோம். சாய்வு பூச்சியமாகும் காந்த மத்திய கோடு இந்தியாவின் தென்முனையையும் நமது இலங்கையையும் தழுவிச் செல்வது. அக்கோடு மெல்ல இடம்பெயர்வது. எனினும் வன்னியிற் சாய்வு சில பாகைகளுக்குள்ளேயே நிற்கிறது. ஊசி இங்கு ஏறத்தாழக் கிடையாகவே கிடக்கும். கீழ்நோக்கிய இழுப்பு இல்லையெனில், அதனால் விளையும் வழுவும் இல்லை. ஆகவே வன்னி மாணவன் ஒருவன், தன் தலைக்கு மேலுள்ள வானத்தில் ஏறக்குறைய இல்லாத ஒரு வழுவை, இருப்பதாகவே உருப்போடுகிறான்!

இக்கோட்டின் அருமையை ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். திருவனந்தபுரத்தில் 1852 முதல் ஜோன் அலன் பிரௌன் புவிக்காந்தத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தார். அந்நகரையடுத்த தும்பா, காந்த மத்திய கோட்டின் அருகிலிருந்த காரணத்தாலேயே தெரிந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 இல் அங்கிருந்து ஆராய்ச்சி ரொக்கெற் ஏவப்பட்டது.

வன்னியின் விதியோ வேறாயிற்று. இங்கு விமானம் விஞ்ஞானத்தின் தூதுவனாக வரவில்லை. போரின் ஊர்தியாகவே வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய காலத்தில், பிரித்தானிய ஏகாதிபத்தியம் வவுனியாவைப் போர்விமானத் தளமாக்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வானம் அமைதி காணவில்லை. 2006 ஆகஸ்ட் 14 இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் அரச வான்படையின் குண்டுவீச்சில் ஐம்பதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள் மாண்டனர். 2007 மார்ச் 26 இல் வன்னியிலிருந்து எழுந்த விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க வான்படைத் தளத்திற் குண்டு வீச, மூன்று வான்படையினர் இறந்தனர். ஊசி வடக்கைக் காட்டும். எங்கே, எதற்காகப் போகவேண்டும் என்பதை அது காட்டாது. அதனைத் தீர்மானிப்பவர் மனிதரே.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இன்று கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியர்களே! ஒரு தையல் ஊசியை நடுவில் நூலாற் கட்டிச் சமன்செய்து, பின்னர் காந்தமேற்றித் தொங்கவிடுங்கள். அது ஏறத்தாழச் சாயாமல் நிற்பதை மாணவர் கண்ணாற் காணட்டும். பாடநூல் கூறும் சாய்வு எந்த ஊருக்குரியது என்று அவர்கள் கேட்கட்டும். வானத்தைப் பார்த்துப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள், அதே வானத்தை அளந்து அறியும் நாளே நாம் வேண்டும் நாள்.