நீர், நெருப்பு, நகரம்: சிங்கப்பூர்த் தீயணைப்புப் பணியின் வரலாறு

1830ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் பிலிப் தெருவில் பிடித்த தீ, மார்க்கெட் தெருவின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. பின்னாளில் நகரத்தார் கிட்டங்கிகளால் தமிழர் நன்கறிந்த தெரு அது. அன்று நகரில் தீயணைப்பு வண்டி ஒன்றுகூட இல்லை. கைதிகள் வாளிகளில் நீர் சுமந்து வந்து ஊற்றினர். இந்தியாவிலிருந்து கைதிகள் இங்குக் கொண்டுவரப்படத் தொடங்கியது 1825இல். இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்ததில் அவர்களுக்கிருந்த பங்கினை நாம் அடிக்கடி பேசுகிறோம். நெருப்பின் முன் அவர்கள் வாளியேந்தி நின்றதைப் பேசுவது அரிது.

தீயணைப்புப் படையின் வரலாற்றை வீரச் செயல்களின் தொகுப்பாக எழுதுவது வழக்கம். அவ்வீரத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிங்கப்பூர்ச் சான்றுகளைத் தொடர்ந்து நோக்கும்போது, படையின் வெற்றி தோல்விகளைப் பெரும்பாலும் இரு காரணங்களே முடிவு செய்தன எனலாம். ஒன்று, நீர் எவ்வளவு விசையோடு வந்தது என்பது; மற்றொன்று, மக்கள் எத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர் என்பது. இவ்விரண்டும் படையின் கட்டுப்பாட்டில் இருந்தவை அல்ல.

நீரின் கதை நீண்டது. குழாய்நீர்த் திட்டத்திற்கென வணிகர் தான் கிம் செங் 13,000 வெள்ளி வழங்கியது 1857இல். இன்று மெக்ரிச்சி என்று வழங்கும் நீர்த்தேக்கம் 1868இல் முடிவுற்றது. ஆனால், அந்நீர் குழாய்வழி நகரை அடைய மேலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1888இல் முறையான தீயணைப்புப் படை அமைந்ததை இப்பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். குழாயில் நீர் வராத ஊரில் படை மட்டும் இருந்து என்ன பயன்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த மாண்டேகு வில்லியம் பெட், தீயணைப்பையே தொழிலாகக் கற்றவர். அவர் தலைமையில் படை புத்துருப் பெற்றது. செங்கல்லின் சிவப்பும் சாந்தின் வெண்மையும் பட்டை பட்டையாக விளங்கும் ஹில் ஸ்திரீட் மத்திய தீயணைப்பு நிலையம் 1908இல் எழுந்தது. அதன் கோபுரம் அழகுக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. தொலைபேசி பரவலாக இல்லாத காலத்தில் அங்கிருந்து ஒருவர் நகரின் கூரைகளைக் கண்காணித்து வந்தார். பயன்படுத்திய நீர்க்குழாய்களை உலர்த்தத் தொங்கவிட்டதும் அங்கேதான்.

போருக்குப்பின் மக்கள்தொகை பெருகியது. நகரின் விளிம்பில் மரப்பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட கம்பத்து வீடுகள் நெருங்கி எழுந்தன. 1959இல் கம்போங் தியோங் பாருவில் ஏற்பட்ட தீ ஆயிரக்கணக்கானோரை வீடற்றவர்களாக்கியது. அதனையும் விஞ்சியது 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நிகழ்ந்த புக்கிட் ஹோ சுவீ தீ. அன்று ஹஜ்ஜுப் பெருநாள். பிற்பகலில் தொடங்கிய தீ, காற்றின் துணையோடு கூரைவிட்டுக் கூரை தாவிச் சாலையையும் கடந்தது. குழாய்களில் நீரழுத்தம் குறைவாக இருந்தது. தட்டுமுட்டுப் பொருள்களைச் சுமந்து ஓடியவர்களாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்களாலும் பாதைகள் அடைபட்டன. நால்வர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். இழப்பின் பரப்பிற்கு உயிர்ச்சேதம் குறைவாயிருந்ததற்கு, தீ பகலில் பிடித்ததும் ஒரு காரணமாகலாம்.

அடுத்து நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு கையகப்படுத்திய அந்நிலத்தில் ஓராண்டுக்குள் முதல் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்தது. பாட நூல்களில் இத்தீ, பொது வீடமைப்பின் வெற்றிக்கு முன்னுரையாக இடம்பெறுகிறது. அச்சித்திரிப்பு பொய்யன்று, முழுமையானதும் அன்று. கம்பத்து மக்கள் தன்னார்வத் தீத்தடுப்புக் குழுக்கள் அமைத்து இரவுக்காவல் இருந்ததையும், அரசே தீவைத்ததென்னும் வதந்தி பல்லாண்டுகள் நிலவியதையும் வரலாற்றாய்வாளர் லோ கா செங் 2013இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது. அவ்வதந்திக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. எனினும், அது ஏன் அவ்வளவு காலம் நம்பப்பட்டது என்பதும் வரலாற்று வினாவே. தம் வீட்டை இழந்தவருக்கு அந்நிலத்தில் அத்துணை விரைவாக எழுந்த கட்டடம் எவ்வாறு தோன்றியிருக்கும்? கம்பத்து வாழ்வை வெறும் தீப்பொறிக் கிடங்காக மட்டும் காட்டும் பாடத்தில் இவ்வினாவிற்கு இடமில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

அத்தாப்பு வீடுகள் மறைந்தபோது நெருப்பு வேறு இடங்களைத் தேடிக்கொண்டது. 1972 நவம்பர் 21இல் ராபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்தது. மாண்ட ஒன்பது பேரில் பெரும்பாலோர் மின்தூக்கிகளுள் சிக்கியவர்கள். 1978 அக்டோபரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்ததில் 76 பேர் மாண்டனர். 1986 மார்ச் 15இல் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த கட்டடம் இடிந்தபோது நெருப்பே இல்லை. தேவைப்பட்டவை இடிபாடுகளைத் துளைக்கும் கருவிகளும் பொறுமையும்தாம். 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். நீரைப் பாய்ச்சுவதற்கெனத் தோன்றிய பணி மீட்புப் பணியாகவும் விரிய வேண்டியதை அவ்விபத்து வெளிப்படையாக உணர்த்தியது. 1989 ஏப்ரல் 15இல் தீயணைப்புச் சேவை சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையுடன் இணைக்கப்பட்டது.

1993ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு திருப்பம். கட்டடம் எழுவதற்கு முன்பே அதன் வரைபடத்தில் வெளியேறும் வழியும் தீத்தடுப்பு ஏற்பாடும் ஆராயப்படலாயின. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. கோபுரத்தில் நின்று ஒருவர் செய்த காவலை இன்று வீட்டுக் கூரையில் பொருத்தப்பட்ட சிறு கருவி செய்கிறது. அக்கோபுரமும் நிலையமும் 1998இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2001இல் அங்கே ஒரு மரபுடைமைக் கூடமும் திறக்கப்பட்டது. பழைய வண்டிகளையும் கருவிகளையும் மாணவர்கள் அங்கே கண்டு வந்துள்ளனர்.