நிமிர்ந்தால் இறங்கும் இரத்த அழுத்தம்

படுத்திருந்து சட்டென்று எழுந்தால் சில வேளை கண் இருட்டிக்கொண்டு வரும். சில நொடிகளில் அது தெளிந்துவிடும். ஆனால், கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்ட பலரை உட்கார வைத்தாலே மயக்கம் வந்துவிடுகிறது. இதனை அச்சம் என்றோ மனத்தளர்ச்சி என்றோ எண்ணிவிடாதீர்கள். காரணம் புவிஈர்ப்பு.

உட்கார்ந்த நிலையில் நம் மூளை இதயத்துக்கு ஏறத்தாழ 30 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த உயரமுள்ள இரத்தத் தம்பம் 23 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். ஆகவே மூளையில் இரத்த அழுத்தம் அவ்வளவு குறையும். எழுந்து நின்றாலோ அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. பிறகு நாம் ஏன் மயங்கி விழுவதில்லை?

விடையின் முதற்பகுதி ஒரு முயலின் காதில் கிடைத்தது. 1851-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சூடேறியது. மறு ஆண்டு பிரௌன் செக்கார் அந்நரம்பை மின்னோட்டத்தால் தூண்டினார்; இரத்தக் குழாய்கள் சுருங்கின. குழாய்களைச் சுருக்கும் கட்டளை நரம்பின் வழியே செல்கிறது என்பது தெளிவாயிற்று. அக்கட்டளை மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கியே வயிற்றையும் கால்களையும் அடைகிறது. வழியில் தண்டுவடம் அறுபட்டால்?

1895-இல் ஆங்கில உடலியலறிஞர் லியனார்டு ஹில் விலங்குகளைப் பலகையில் கட்டிச் சாய்த்து ஆராய்ந்தார். தண்டுவடம் கெட்டபின் புவிஈர்ப்பை உடல் ஈடுசெய்ய இயலவில்லை. இரத்தம் வயிற்றுக் குழாய்களில் தேங்கியது. வயிற்றை இறுகக் கட்டியதும் அழுத்தம் மீண்டது!

ஆனால் இந்த அறிவு நோயாளிகளுக்கு உடனே பயன்படவில்லை. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, அவர்களை உட்காரவும் உழைக்கவும் பழக்கினார். எழுந்து உட்கார்ந்தால்தானே வாழ்க்கை?

இன்றும் அடிப்படை முறை ஹில் கண்டதுதான். சாய்வை மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள்; வயிற்றுப் பட்டையும் இறுக்கமான காலுறையும் அணிவிக்கிறார்கள். மயக்கம் வந்தால் சக்கர நாற்காலியைப் பின்னே சாய்த்துக் கால்களை உயர்த்த வேண்டும். குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் என்ற மருந்து 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் மருந்தையும் கூடுதல் உப்பையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே கொள்ளுங்கள். இவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே அழுத்தம் ஆபத்தான அளவு ஏறுவதும் உண்டு.

2021-இல் சுவிட்சர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்து, இழந்த கட்டளையை மின்துடிப்பால் அளித்து அழுத்தத்தை உயர்த்திக் காட்டினர். முயலின் காதில் அன்று ஓடிய மின்னோட்டம், இன்று மனிதனை நிமிர்ந்து உட்கார வைக்க முயல்கிறது.