ஊழியம் என்னும் சொல்

'ஊழியர்' என்னும் சொல் இன்று ஊதியம் பெறுவோரைக் குறிக்கின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டம் தென் திருவிதாங்கூராக விளங்கிய நாளில், ஊழியம் என்பதற்கு ஊதியமற்ற உழைப்பு என்பதே பொருள். நாடார் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள், அரசு அழைத்த போதெல்லாம் சென்று உழைக்க வேண்டும். ஊட்டுப்புரைகளுக்குக் காய்கறி சேர்த்தல், அரசு யானைகளுக்குப் பனையோலை வெட்டித் தருதல், சுமை தூக்குதல் எனப் பணிகள் பல. கூலி மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் இடும் தளைக்குத் தளைக்காணம் என வரிகளும் இருந்தன.

தோள்சீலைப் போராட்டத்தை ஆடை உரிமைப் போராட்டமாக மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம். 1822இல் கல்குளம் பகுதியில் மூண்ட அப்போராட்டத்தை ஒடுக்க, 1829 பிப்ரவரி 3 அன்று அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. அது நாடார் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுத்தது. ஊழியத்தை முன்போலவே செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இரு கட்டளைகளும் ஒரே பிரகடனத்தில் இடம்பெற்றது தற்செயல் அன்று. தோளை மூடிக்கொள்ளத் துணிந்தவர், நாளை அந்தத் தோளில் சுமை ஏற்றவும் மறுப்பார் என்பதை ஆள்வோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அந்த மறுப்பு இரு வழிகளில் வளர்ந்தது. ரெசிடென்ட் மன்றோவின் காலத்தில், கிறித்தவம் தழுவியோர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வார ஓய்வு நாள் என்னும் தொழிலாளர் உரிமை, இங்கே வழிபாட்டு உரிமையின் வடிவில் வந்தது. மறுபுறம், சாமித்தோப்பில் வைகுண்டசாமி (1809–1851) வரிக்கொடுமையையும் ஊழியத்தையும் எதிர்த்துப் பேசினார், திருவனந்தபுரத்தில் சிறைப்பட்டார். முத்திரிக்கிணற்றில் ஒன்றாக நீராடி, ஒரே பந்தியில் உண்ட மக்கள், தாம் தனித்தனி ஆட்கள் அல்லர், ஒரு திரள் என்பதை அறிந்தனர். தொழிற்சங்கம் என்னும் பெயர் அன்று இல்லை. அதன் உயிர் இருந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதோ 1918இல்தான்.

1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 பிரகடனம் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை வழங்கியது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடையை விட்டுவைத்தது. ஊழியமும் ஒரே நாளில் மறையவில்லை. பின்வந்த ஆண்டுகளில் படிப்படியாகவே தேய்ந்தது. பெற்ற ஒவ்வொன்றும் பாதியாகவே வந்தது. மீதிக்கு மீண்டும் திரள வேண்டியிருந்தது.

1907இல் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, பின்னாளில் தமிழகமெங்கும் ஆலைத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்தார். அவர் பிறந்த மண்ணில் அந்த விதை முன்பே விழுந்திருந்தது. இன்று இம்மாவட்டத்து முந்திரி ஆலைகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைப்போர் கூலி உயர்வு கேட்டுக் கூடும்போது, பெயரறியா முன்னோரின் குரலும் அதில் கலந்திருக்கிறது. கட்டாய உழைப்பின் பெயராக இருந்த சொல்லை, 'ஊழியர் சங்கம்' என்று பலகையில் எழுதி நிமிர்ந்து நிற்கும் பெயராக மாற்றியவர்கள் அவர்கள்.