லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், மண்ணியல் நிபுணர்: இந்தியாவில் உரிமம் உண்டா?

பிளஸ் டூ முடிவு வந்ததும், தறியை நம்பி வாழும் காஞ்சிபுரம் குடும்பங்களிலும் அடுத்து எதைப் படிக்க வைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். ஏரிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. நிலம், நீர், மண் தொடர்பான படிப்புகளைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன், சட்டம் சொல்வதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியம்.

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்

கட்டடக் கலைஞர்கள் சட்டம் 1972-ன் படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 37-வது பிரிவு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கும், கப்பல் வடிவமைப்பாளருக்கும் விலக்கு அளிக்கிறது. செடி, மரம், திறந்தவெளி ஆகியவற்றை வடிவமைப்பவரே லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று விளக்கமும் தருகிறது. 37-வது பிரிவு பட்டத்தை மட்டுமே காக்கிறது, தொழில் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே இத்துறைக்கெனத் தனி அரசு உரிமம் இங்கே இல்லை. 2003-ல் தொடங்கிய இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் சங்கம் ஒரு தொழில்முறை அமைப்புதான். அதன் உறுப்பினர் தகுதி உரிமம் ஆகாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 50 மாநிலங்களிலும் இத்தொழிலுக்கு உரிமம் உண்டு.

உரிமம் இல்லை என்பதால் படிப்பு தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'நாட்டா' தேர்வு எழுதி, ஐந்தாண்டு பி.ஆர்க் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு லேண்ட்ஸ்கேப்பில் முதுகலை படிப்பதே உறுதியான வழி. லேண்ட்ஸ்கேப் வேலை பிடிக்காவிட்டாலும் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்யலாம்.

மண்ணியல் நிபுணர்

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற பதிவு முறை மண்ணியலுக்கு இல்லை. 1934-ல் தொடங்கிய இந்திய மண்ணியல் சங்கம் ஓர் அறிவியல் அமைப்பு. வேளாண் பட்டதாரிகளைப் பதிவு செய்யும் மாநில வேளாண் மன்றச் சட்டம் 2009-ல் தமிழகத்தில் கொண்டுவரப்பட்டது. பட்டம் இல்லாத அனுபவ விவசாயி ஆலோசனை சொல்வதே குற்றமாகிவிடும் என்று நம்மாழ்வார் உள்ளிட்ட இயற்கை விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தப் பதிவு முறை நிலைபெறவில்லை.

இங்கே மதிப்பு பட்டத்துக்குத்தான். நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை, பிறகு மண்ணியலில் எம்.எஸ்சி. என்பது வழக்கமான பாதை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இரண்டும் உண்டு. வேளாண் பட்டதாரிகள் சொந்தமாக மண் பரிசோதனைக் கூடம் தொடங்க, 2002 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் மருத்துவமனைத் திட்டத்தில் பயிற்சியும் கடன் உதவியும் பெறலாம்.

கவனிக்க வேண்டியவை

• குறுகிய கால டிப்ளமோவுக்கு "அரசு உரிமம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.
• பி.ஆர்க் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் உள்ளதா என்று கவுன்சிலின் பட்டியலில் சரிபாருங்கள்.
• ஆர்க்கிடெக்ட் என்று சொல்பவரிடம் வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ வரைபடம் வாங்கும்போது, அவரது கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.
• பயிருக்கான மண் பரிசோதனை வேறு, கட்டடத்தின் அடித்தளத்துக்கான மண் பரிசோதனை வேறு. முன்னது சத்துகளையும் கார அமில நிலையையும் சொல்லும். பின்னது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும். ஏரியை ஒட்டிய மனையில் வீடு கட்டுபவர் பின்னதைத் தவிர்க்கக் கூடாது.