பாட்டில் பூண்டு விழுதை எந்தக் குழம்பில் போடலாம், எதில் கூடாது?

ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றீங்க. கையில் அரை கிலோ மீன். இனிமே உட்கார்ந்து பூண்டு உரிக்கணுமான்னு நினைச்சாலே அலுப்பு. ஃப்ரிட்ஜில் இருக்கிற விழுது பாட்டிலை எடுத்தா, பின்னாடியே அம்மா குரல்: “அதெல்லாம் ஒரு பூண்டா?”

அம்மாவிடம் ஒண்ணு ஞாபகப்படுத்தலாம். புதுச்சேரி சமையலறைக்கு ரெடிமேட் பூண்டு புதுசே இல்லை. தாளிப்பு வடகம் வேறென்ன? சின்ன வெங்காயம், பூண்டோடு உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, கோடை வெயிலில் பல நாள் காயவைத்து எடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘வடுவான்’ என்று தங்கள் சமையலுக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுக் கடைகளில் அந்தப் பெயரில் இப்போது மசாலாப் பொடியாகவே விற்கிறது.

ஆனால், வடகமும் பாட்டில் விழுதும் ஒன்றல்ல. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லின் என்ற பொருளும் ஒரு நொதியும் கலந்து அல்லிசின் உருவாகிறது. மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி இதிலிருந்து வருவதுதான். அது நிலையாக இருக்காது. நேரம் ஆக ஆகச் சிதையும். கடை விழுது கெடாமல் இருக்க அமிலம், உப்பு, பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். அதனால் நெடி குறைந்து, லேசான புளிப்பு ஏறிவிடுகிறது.

இதை வைத்தே எதில் போடலாம் என்று முடிவு பண்ணிடலாம். குருமா, பிரியாணி, சிக்கன் கிரேவி மாதிரி வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேர்ந்து வதங்கும் சமையலில் விழுது தாராளமாகப் போடலாம். பெரிய வித்தியாசம் தெரியாது. வெங்காயம் பொன்னிறமான பிறகு சேர்த்து, பச்சை வாசனை போக வதக்குங்க. விழுதில் தண்ணீர் இருப்பதால் சூடான எண்ணெயில் நேரடியாகப் போட்டால் தெறிக்கும். உப்பையும் புளியையும் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்க. ரசத்துக்கு நசுக்கின பூண்டுதான். பூண்டுக் குழம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழுப் பல் வாயில் கரையணும்!

மீன் குழம்புக்கு வாங்க. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் இஞ்சி பூண்டு விழுது. இஞ்சி சேர்க்காத குழம்பில் அதை விட்டால் ருசியே மாறிடும். லேபிளைப் படியுங்க. எது அதிக எடையோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடணும் என்பது விதி. தண்ணீர் முதலிடத்தில் இருந்தால், நீங்க காசு கொடுத்தது எதற்கு என்று புரியும்.

சரி, நாமே அரைச்சு வெச்சுக்கலாமே? நல்ல யோசனைதான். ஆனால், மேலே எண்ணெய் ஊற்றி மூடி வெளியே வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். மண்ணில் விளைவதால் பூண்டில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது, அமிலமும் இல்லை; அறை வெப்பத்தில் அது நஞ்சை உருவாக்க அந்த இடமே போதும். வாசனையோ நிறமோ மாறணும் என்ற அவசியம்கூட இல்லை. 1985-ல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் ஊறிய பூண்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த ஓர் உணவகத்தால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1989-ல் நியூயார்க்கிலும் இதேபோல் நடந்த பிறகு, இப்படி விற்கும் பூண்டில் அமிலம் சேர்க்கணும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. கடை விழுதின் புளிப்பைத் திட்டும்போது இதையும் நினைச்சுக்கோங்க.

எண்ணெயில் போட்ட வீட்டுப் பூண்டு ஃப்ரிட்ஜில் 4 நாள்தான். அதுக்கு மேல வேணும்னா, அரைத்ததை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைங்க. ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. சில சமயம் விழுது பச்சையாக மாறும். அது பூண்டிலுள்ள கந்தகப் பொருட்களின் வேலை, பயப்பட வேண்டாம்.

ராத்திரி எட்டு மணி மீனுக்கு? நாலு பல்லைத் தோலோடு கத்தியின் பட்டைப் பக்கத்தால் ஓர் அழுத்து அழுத்துங்க, தோல் தானா கழன்றுவிடும். அதுக்கும் நேரமில்லையா, வெறும் பூண்டு விழுது அரை ஸ்பூன் போட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது நல்லெண்ணெயில் ஒரு ஸ்பூன் வடகத்தைப் பொரித்துக் கொட்டுங்க. அடுப்பை மட்டும் சிம்மில் வைங்க, வடகம் சீக்கிரம் கருகிடும்.