உயரத்தை அளந்த வரலாறு: தூக்குக்குண்டு முதல் புவியீர்ப்பு நிலையாற்றல் வரை

ஓரிடத்தின் உயரம் என்பது கடல் மட்டத்திலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவு என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் அடியில் கடல் இல்லை. எனவே அங்கு 'கடல் மட்டம்' எது, 'செங்குத்து' எது என்ற கேள்விகள் எழுகின்றன. இரண்டையும் தீர்மானிப்பது புவியீர்ப்பு விசையே. இதை அறிஞர்கள் உணர்ந்துகொண்டதே உயர அளவீட்டின் வரலாறு.

தூக்குக்குண்டின் விலகல்

வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்து, தென்னிந்தியாவின் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை வடக்கே இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். அப்போது ஒரு முரண்பாடு தென்பட்டது. கலியாண்பூர், கலியானா ஆகிய இரு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வேறுபாட்டை முக்கோண அளவையாலும் விண்மீன்களை நோக்கியும் கணித்தபோது, இரு விடைகளும் 5.236 விகலை மாறுபட்டன. தரையில் இது சுமார் 160 மீட்டர்.

இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கருதிய கல்கத்தாவின் ஜான் பிராட், 1855-ல் அதைக் கணக்கிட்டார். விடை 15.885 விகலை, அதாவது கண்ட அளவைப்போல் மூன்று மடங்கு. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழமாக வேரூன்றியிருப்பதே காரணம் என்று ஜார்ஜ் ஏரி அதே ஆண்டில் விளக்கினார். புவி மேலோட்டின் சமநிலைக் கொள்கை இவ்வாறு பிறந்தது.

இணையாக அமையாத மட்டங்கள்

தூக்குநூலுக்கு எங்கும் செங்குத்தாக அமையும் பரப்பே மட்டப் பரப்பு. அதில் எங்கு நகர்ந்தாலும் ஈர்ப்புக்கு எதிராக வேலை செய்ய வேண்டியதில்லை. நிலையாற்றல் எங்கும் ஒன்றே. சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டி, நிலத்தின் அடியிலும் தொடர்வதாகக் கொள்ளப்படும் இத்தகைய பரப்புக்கு லிஸ்டிங் 'ஜியாய்டு' எனப் பெயரிட்டார்.

ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 மீ/வி². ஆகவே நிலநடுக்கோட்டில் 1000 மீட்டர் உயரத்திலுள்ள மட்டப் பரப்பு, துருவத்தில் சுமார் 995 மீட்டரில் இருக்கும். மீட்டர் கணக்கில் உயரம் வேறு. ஆனாலும் அப்பரப்பில் நீர் ஓடாது! இதனால்தான் அமெரிக்காவும் கனடாவும் தம் பேரேரிகளுக்கு வகுத்த 1955-ஆம் ஆண்டு உயர அடிப்படையில், நிலையாற்றலைக் கொண்டு கணிக்கும் 'இயக்க உயரம்' ஏற்கப்பட்டது.

வானிலையியலில்

காற்றுக்கும் இதே விதி பொருந்தும். நார்வேயின் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளிமண்டல உயரத்தை நிலையாற்றலால் குறிக்கும் முறையைப் புகுத்தினார். இன்று நிலையாற்றலை 9.80665 ஆல் வகுத்துக் கிடைப்பதே 'புவிநிலை உயரம்'. வானிலை வரைபடங்களில் 500 ஹெக்டோபாஸ்கல் அழுத்தப் பரப்பு சுமார் 5500 புவிநிலை மீட்டரில் காணப்படும். அப்பரப்பின் சரிவைக் கண்டே காற்றின் திசையையும் வேகத்தையும் கணிக்கின்றனர்.

எவரெஸ்ட் சிகரம்

1856-ல் 29,002 அடி (சுமார் 8840 மீட்டர்) என அறிவிக்கப்பட்ட எவரெஸ்ட் சிகரத்தின் உயரம், 2020-ல் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்தபடி 8848.86 மீட்டர். செயற்கைக்கோள் தரும் உயரம் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. அதைக் கடல் மட்ட உயரமாக மாற்ற, ஜியாய்டு எங்கே உள்ளது என்று தெரிய வேண்டும். அதற்கு இன்றும் ஈர்ப்பையே அளக்க வேண்டியுள்ளது.